கடினமான சுடோகுவில் பாதியில் நின்றுவிடுகிறேன். ஊகிக்காமல் முடிக்க வழி உண்டா?

உண்டு. ஆனால் "இந்தக் கட்டத்தில் எந்த எண் வரும்?" என்று கேட்பதை முதலில் நிறுத்தவேண்டும். எளிய புதிரில் அந்தக் கேள்விக்குப் பதில் வந்துகொண்டே இருக்கும். கடினமான புதிர் பாதி வழியில் வாயை மூடிக்கொள்ளும். அதற்குப் பிறகு கேட்கவேண்டியது, "இங்கே எது வரவே வராது?" என்பதுதான். சில நாட்களில் அரை மணி நேரம் ஓர் எண்ணைக்கூட நிரப்பாமல் வெறுமனே அழித்துக்கொண்டிருப்பேன். அதுவும் முன்னேற்றம்தான் என்று ஒப்புக்கொள்ளவே எனக்கு இரண்டு வருடம் பிடித்தது.

அதுவரை பேனாவால் போடுவதுதான் வீரம் என்று நினைத்திருந்தேன். அலுவலக ரயிலில் நாளிதழை மடித்துவைத்துக்கொண்டு, இரண்டில் ஒன்று என்று தெரிந்தவுடன் ஒன்றை எழுதிவிடுவேன், குருட்டுப் பூனை விட்டத்தில் பாய்ந்தாற்போல. கடைசி நாலைந்து கட்டங்கள் இருக்கும்போது ஒரே வரிசையில் இரண்டு 4 வந்து நிற்கும். எங்கே தடம் மாறியது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

ஆகவே பென்சில், அழிப்பான். காலியாக உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் வரக்கூடிய எண்களையெல்லாம் சிறிதாகக் குறித்துவிடுங்கள். சலிப்பான வேலைதான். இதைச் செய்யாமல் கீழே சொல்லப்போகும் எதுவும் கண்ணில் படாது.

குறித்து முடித்ததும் முதலில் தேடவேண்டியவை ஜோடிகள். ஒரு பெட்டியில், அதாவது மூன்றுக்கு மூன்று கட்டங்கள் கொண்ட சிறு சதுரத்தில், 3, 8 இரண்டும் வரக்கூடிய இடம் அதே இரண்டு கட்டங்கள் மட்டும்தான் என்றால், அந்தக் கட்டங்களில் வேறு எத்தனை எண்களைக் குறித்திருந்தாலும் அழித்துவிடலாம். இதற்கு ஹிட்டன் பேர் என்று பெயர். கூட்டத்தில் ஒளிந்திருப்பதால் பலர் தவறவிடுவார்கள். நாளிதழ்களில் 'கடினம்' என்று போட்டு வரும் புதிர்களில் பெரும்பாலானவை இதிலேயே உடைந்துவிடும் என்பது என் அனுபவம்.

உடையவில்லையென்றால் எக்ஸ்-விங். 7ஐ மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாவது கிடைவரிசையில் 7 வரக்கூடிய இடங்கள் 3ஆம், 8ஆம் நெடுவரிசைகளில் மட்டுமே இருக்கின்றன. ஆறாவது கிடைவரிசையிலும் அதே 3, 8 மட்டுமே. எது எங்கே என்று நமக்குத் தெரியாது, தெரியவேண்டியதும் இல்லை. மேல்வரிசை 7 இடப்பக்கம் என்றால் கீழ்வரிசையில் வலப்பக்கம். மேலே வலம் என்றால் கீழே இடம். எப்படிப் பார்த்தாலும் அந்த இரு நெடுவரிசைகளுக்கும் உரிய 7 இந்த நான்கு மூலைகளிலிருந்தே கிடைத்துவிடுகிறது. எனவே அந்த நெடுவரிசைகளில் வேறெங்கு 7 குறித்திருந்தாலும் அழிக்கலாம். இதையே மூன்று வரிசை, மூன்று நெடுவரிசைக்கு விரித்தால் ஸ்வார்டுஃபிஷ். பெயர்தான் மிரட்டுகிறது, தத்துவம் அதேதான்.

எனக்கு மிகவும் பிடித்தது எக்ஸ்ஒய்-விங். புதிரின் நட்டநடுக் கட்டத்தில் 2, 6 இரண்டே குறிகள். அதே கிடைவரிசையின் முதல் கட்டத்தில் 2, 9. நடுக்கட்டத்துக்கு நேர் கீழே, கடைசி வரிசையில் உள்ள கட்டத்தில் 6, 9. நடுவில் 2 வந்தால் இடப்பக்கக் கட்டம் 9 ஆகிவிடும். நடுவில் 6 வந்தால் கீழ்க்கட்டம் 9. ஆக இரண்டில் ஒன்று 9 என்பது உறுதி. கீழே இடது மூலைக் கட்டம் முதலாவதோடு நெடுவரிசையையும், இரண்டாவதோடு கிடைவரிசையையும் பகிர்ந்துகொள்கிறது. அதில் 9 வர முடியாது. நடுக்கட்டத்தின் எண் என்ன என்று கடைசிவரை தெரியாமலேயே மூலையில் ஒரு 9ஐ அழித்துவிட்டோம் பாருங்கள்!

ஓர் எச்சரிக்கை. போன மாதம் இப்படித்தான் உற்சாகமாக ஒன்றை அழித்தேன், புதிர் குளறுபடியாகிவிட்டது. நடுக்கட்டத்தில் 3ஐக் குறிக்க மறந்திருந்தேன், அவ்வளவுதான். இரண்டு குறிகள் உள்ள கட்டத்தை நம்பும் முன் வரிசை, நெடுவரிசை, பெட்டி மூன்றையும் இன்னொரு முறை பார்த்துவிடுங்கள்.

யுனீக் ரெக்டாங்கிள் என்று ஒன்றையும் சொல்வார்கள். புதிருக்கு ஒரே விடைதான் இருக்கும் என்ற நம்பிக்கையை வைத்தே எண்களை அழிக்கும் முறை அது. பிழையில்லைதான். ஆனாலும் வினாத்தாள் தயாரித்தவரின் மனத்தைப் படித்து விடை எழுதுவதுபோல எனக்கு உறுத்தும். பயன்படுத்துவதில்லை.

சங்கிலி முறையும் ஊகம்தானே என்று கேட்பார்கள். இல்லை. 4, 5 மட்டுமே குறித்துள்ள ஒரு கட்டத்தில் 4 என்று வைத்துத் தொடர்ந்து போனாலும், 5 என்று வைத்துப் போனாலும் வேறொரு கட்டத்தில் 1தான் வருகிறது என்றால், அந்த 1 நிரூபணமான எண். ஒரு பக்கம் மட்டும் போய்ப் பார்த்து, 'இடிக்கவில்லை, சரியாக இருக்கும்' என்று எழுதுவதுதான் ஊகம்.

கொடுக்கப்பட்ட எண்கள் குறைவாக இருப்பதைப் பார்த்துப் பயப்படவேண்டாம். ஒரே விடை கிடைக்கக் குறைந்தது 17 எண்களாவது வேண்டும் என்று 2012இல் டப்ளினில் கணிதவியலாளர் கேரி மக்குவையர் குழுவினர் கணினியால் நிறுவினார்கள். அப்படி 17 எண்களோடு வரும் புதிர்களில் பல சாதாரணமாகவே தீர்ந்துவிடும். அதே ஆண்டு ஃபின்லாந்துக் கணிதவியலாளர் ஆர்ட்டோ இன்காலாவின் புதிரை உலகிலேயே கடினமானது என்று பத்திரிகைகள் எழுதின. அதில் 21 எண்கள் இருக்கின்றன. ஜோடி, எக்ஸ்-விங் என்று எதைக் கொண்டுபோனாலும் அசையாது, நீண்ட நீண்ட சங்கிலிகள்தான். நான் மூன்று தாள் எடுத்துப் போட்டுப் பார்த்தேன். மூன்றாவது தாள் அழித்து அழித்தே ஓட்டையாகிவிட்டது.