மகள் எனக்கு வைத்த பெயர்

கேள்வி:
மேடம், எனக்குச் செங்கோட்டை. கணவருக்குப் புனலூரில் பாத்திரக்கடை; ஞாயிறு மட்டும்தான் வீட்டில் இருப்பார். மகள் பி.ஏ. ஆங்கில இலக்கியம் படிக்கிறாள். ஆரியங்காவு கோயிலில் தெரிந்த அக்காவைப் பார்த்ததும், "உங்க பையனுக்குப் பொண்ணு பாக்கறீங்களா?" என்று கேட்டேன். வீடு வந்ததும் மகள் "நீ அப்படியே மிஸஸ் பென்னட்" என்றாள். 'பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்' நாவலில் ஐந்து பெண்களுக்கு மாப்பிள்ளை தேடி அலையும் அம்மாவாம். இவரும் பேப்பருக்குப் பின்னால் சிரிக்கிறார். 'லிட்டில் விமன்' நாவலில் வரும் அம்மா மாதிரி கோபமே வராமல் இருக்கணுமாம். நான் அவ்வளவு மோசமா?

பதில்:
சகோதரி, ஜேன் ஆஸ்டினின் அந்த நாவல் வந்தது 1813-ல். பையன் இல்லாததால், அப்பா இறந்தால் வீடும் நிலமும் தூரத்து உறவுக்காரர் ஒருவருக்குப் போய்விடும். பெண்களுக்குத் தங்க இடமில்லை. அம்மா பதறியதில் என்ன தப்பு? வருஷம் 2,000 பவுண்டு வந்தும் ஒன்றும் சேர்த்து வைக்காத அப்பாவோ, நூலக அறையில் உட்கார்ந்து கிண்டல் பேசுவார். இரண்டாவது மகள் எலிசபெத்தின் எச்சரிக்கையையும் மீறிக் கடைக்குட்டியைக் கடற்கரை ஊரான பிரைட்டனுக்கு அனுப்பினார். அவள் ஒருவனோடு ஓடிப்போன பிறகுதான் தன் பொறுப்பை ஒப்புக்கொண்டார். வாசகர்கள் அவரை ரசிக்கிறார்கள், மனைவியைக் கேலி செய்கிறார்கள். எனக்கு இது எப்போதும் எரிச்சல்தான்.

அப்புறம் அந்த 'லிட்டில் விமன்' அம்மா. தனக்கு அநேகமாகத் தினமும் கோபம் வருகிறது, வெளியே காட்டாமல் இருக்கப் பழகிக்கொண்டேன் என்று மகள் ஜோவிடம் அவளே சொல்கிறாள். மகளை அந்தப் பக்கத்தை இன்னொரு தடவை படிக்கச் சொல்லுங்கள்.

ஆனால் ஒரு விஷயத்தில் மகள் பக்கம்தான் நான். மிஸஸ் பென்னட்டின் கவலை நியாயம். விருந்தில் நாலு பேர் காதுபட அதைப் பேசியதுதான் எலிசபெத்தைக் கூனிக்குறுக வைத்தது. கோயில் பிராகாரத்தில் உங்கள் மகளுக்கும் அப்படித்தான் இருந்திருக்கும். வரன் பேச்சை அவளிடம் முதலில் பேசுங்கள், தனியாக. அந்தக் காலத்து அவசரமும் உங்களுக்கு இல்லை: தமிழ்நாட்டில் 1989-லேயே பூர்விகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு உண்டென்று இந்து வாரிசுச் சட்டத்தைத் திருத்திவிட்டார்கள்.

சிரித்த கணவருக்கும் வேலை இருக்கிறது. எம்.ஏ.வுக்குத் திருவனந்தபுரமா, திருநெல்வேலியா, செலவு எவ்வளவு என்பதை இந்த ஞாயிறே மகளோடு உட்கார்ந்து அவர் பேசட்டும். நீங்கள் நடுவில் பேச வேண்டாம்.