கடிதம்: நின்றுபோன பிலிம்கள்

அன்புள்ள சார்,

பிலிம் கேமரா பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். அப்பா திண்டுக்கல் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார், மூடிப் பல வருடமாகிறது. இப்போது அவருடைய யாஷிகா கேமராவை எடுத்துக்கொண்டு நான் சுற்றுகிறேன். எனக்கு ஃபியூஜி புரோ 400எச் என்ற கலர் பிலிம் மேல் தனிப் பிரியம். அது நின்றுபோனதிலிருந்து வேறு எதிலும் மனம் ஒட்டவில்லை. தேதி முடிந்த ரோல்களை இணையத்தில் பல மடங்கு விலை சொல்லி விற்கிறார்கள். வாங்கி ஃபிரிட்ஜில் வைத்துக்கொள்ளலாமா? திரும்பக் கொண்டுவரச் சொல்லிக் கையெழுத்து வாங்குகிறார்களே, அதனால் பலன் உண்டா? உங்களைப் போன்ற மூத்தவர்கள் எல்லோரும் டிஜிட்டலுக்குப் போனதால்தானே இந்த நிலைமை என்று சில சமயம் கோபம்கூட வருகிறது. தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

இன்னொன்று. சித்தப்பா துபாயிலிருந்து கொண்டுவந்த, கோடாக்ரோம் என்ற பழைய கலர் பிலிம் ரோல் ஒன்று அப்பாவின் பெட்டியில் கிடைத்தது. எடுத்து முடித்தது, ஆனால் கழுவவில்லை. பாட்டியின் படம் அதில் இருக்கலாம் என்கிறார் அப்பா. என்ன செய்வது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

*

அன்புள்ள நண்பருக்கு,

சித்தப்பாவின் ரோலை முதலில் பார்ப்போம், மற்றதை ஆற அமரப் பேசலாம். கோடாக்ரோமைக் கலரில் கழுவித் தரும் லேப் இன்று எங்குமே கிடையாது. கடைசியாக இருந்தது அமெரிக்காவில், கன்சாஸ் மாநிலத்தில், பார்சன்ஸ் என்ற சின்ன ஊரில். ட்வெய்ன்ஸ் போட்டோ என்று பெயர். 1935-இல் வந்த பிலிமை நிறுத்தப்போவதாக 2009 ஜூனில் கோடாக் அறிவித்தது. 2010 டிசம்பர் 30 வரை வந்துசேர்ந்த ரோல்களை மட்டும் ட்வெய்ன்ஸ் எடுத்துக்கொண்டது, அவற்றைக் கழுவி முடிக்க 2011 ஜனவரி ஆகிவிட்டது, அதோடு சரி. ஃபேக்டரியிலிருந்து வந்த கடைசி ரோலை ஸ்டீவ் மெக்கரி என்ற புகைப்படக்காரர் கேட்டு வாங்கி, நியூயார்க், இந்தியா என்று சுற்றி, 36 படத்தில் கடைசிப் படங்களைப் பார்சன்ஸிலேயே எடுத்து அங்கேயே கழுவக் கொடுத்தார்.

ஆனால் பாட்டியின் படம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம், கருப்பு வெள்ளையில் எடுக்க வாய்ப்பு இருக்கிறது. ஏன் என்றால், மற்ற கலர் பிலிம்களில் சாயத்துக்கான வேதிப்பொருள் பிலிமுக்குள்ளேயே பூசப்பட்டிருக்கும். கோடாக்ரோமில் அது கிடையாது. அடிப்படையில் அது ஒன்றன்மேல் ஒன்றாகப் பூசிய மூன்று கருப்பு வெள்ளைப் படலங்கள்தான். கலர் முழுவதும் கழுவும்போதுதான் உள்ளே ஏறும். படத்தை வெளிக்கொண்டுவரும் ரசாயனமான டெவலப்பரில் முதலில் ஒரு முறை கழுவிவிட்டு, அடிப்பக்கத்திலிருந்து சிவப்பு விளக்கைக் காட்டி ஒரு படலத்தில் சயான் (பச்சை கலந்த நீலம்) சாயத்தை ஏற்றுவார்கள். பிறகு மேல்பக்கத்திலிருந்து நீல விளக்கைக் காட்டி இன்னொன்றில் மஞ்சள், அப்புறம் நடுவில் மிஞ்சியதில் மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), கடைசியில் வெள்ளி முழுவதையும் நீக்கிவிட்டால் சாயம் மட்டும் நிற்கும். இந்தக் கே-14 முறைக்கென்றே தனி இயந்திரம் வேண்டும், தனி கெமிக்கல் வேண்டும், பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்ளத் தெரிந்த ஆளும் வேண்டும். கெமிக்கல் வருவது நின்றதும் எல்லாம் நின்றுவிட்டது. ஆனால் ரோலில் பதிந்த வெள்ளிப் பிம்பம் ஓரளவாவது இன்னும் இருக்கும். பழைய ரோல்களை மீட்டெடுப்பதையே தொழிலாக வைத்திருக்கும் லேப்கள் வெளிநாட்டில் சில உண்டு, அவர்களில் யாரிடமாவது கொடுங்கள். பின்பக்கக் கரிப்பூச்சு, உள்ளே இருக்கும் மஞ்சள் வடிகட்டிப் படலம் எல்லாவற்றையும் சமாளித்தாக வேண்டும், சாதாரண லேபில் தயவுசெய்து கொடுத்துவிடாதீர்கள். நாளாக நாளாக ஃபாக், அதாவது படத்தை மறைக்கும் மங்கல், ஏறிக்கொண்டேதான் போகும் என்பதால் இந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவசரப்படுங்கள்.

இனி உங்கள் கோபத்துக்கு வருகிறேன். அது நியாயமானதுதான், ஆனால் இடம் மாறி விழுகிறது என்று நினைக்கிறேன். படம் எடுப்பவர்கள் கைவிட்டதால் பிலிம் நலிந்தது என்று பலரும் நம்புகிறோம். அதில் உண்மை உண்டு. கலர் பிலிமின் உலக விற்பனை 2000-இல் உச்சத்துக்குப் போய், அடுத்த பத்து வருடத்தில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிட்டது. ஆனாலும் பிலிம் ஃபேக்டரிகளுக்குச் சோறு போட்டவர்கள் நம்மைப் போல ரோலை ரசித்து வாங்குபவர்கள் அல்ல. பிலிம் என்ற பொருளைப் பற்றி ஒரு நிமிடம்கூட யோசிக்காதவர்கள்தான் அதைத் தாங்கினார்கள்: எக்ஸ்ரே எடுத்த ஆஸ்பத்திரிகள், பாஸ்போர்ட் சைஸ் எடுத்த கடைகள், கல்யாண ஆல்பம் போட்டவர்கள், எல்லாவற்றுக்கும் மேலாக சினிமா தியேட்டர்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 எம்.எம். படம் புரொஜெக்டரில் நிமிடத்துக்கு 90 அடி ஓடும். நம் ஊர் வழக்கப்படி இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. நீங்கள் யாஷிகாவில் போடும் 36 படச் சுருள் ஐந்தடிக்குக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். ஆக, ஒரு தியேட்டருக்கு அனுப்பிய ஒரே ஒரு பிரிண்டில் கிட்டத்தட்ட 2,500 ரோலுக்கான நீளம் இருந்தது! நூறு பிரிண்ட் போட்ட படத்துக்கு இரண்டரை லட்சம் ரோல். தியேட்டர்கள் டிஜிட்டலுக்கு மாறிய சில வருடங்களில் இந்த ஆறு வற்றிவிட்டது. கோடாக் 2006-இல் 1,240 கோடி அடி சினிமா பிலிம் விற்றது, 2014-இல் எதிர்பார்த்தது 44.9 கோடி அடி. நூற்றில் 96 பங்கு போய்விட்டது. ஃபியூஜி 2013-இல் சினிமா பிலிம் செய்வதையே விட்டுவிட்டது. ஹாலிவுட்டின் 6 பெரிய ஸ்டூடியோக்கள் 2015-இல் கோடாக்கோடு ஒப்பந்தம் போட்டு, இவ்வளவு பிலிம் வாங்கிக்கொள்கிறோம் என்று உறுதி சொல்லியிராவிட்டால் ரோச்செஸ்டரில் இருக்கும் ஃபேக்டரியும் இன்று இருந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

விற்பனை குறைந்தால் குறைவாகச் செய்துவிட்டுப் போகலாமே என்று தோன்றும். இங்கேதான் சிக்கல். பூச்சு இயந்திரத்தில் ஓடும் தாய்ச்சுருள் ஒரு மீட்டருக்கு மேல் அகலம், நீளமோ கிலோமீட்டர் கணக்கில். அதன்மேல் கும்மிருட்டில், முடியைவிட மெல்லிய கனத்தில், பல படலங்களை ஒரே ஓட்டத்தில் பூசுகிறார்கள். இயந்திரத்தை ஒரு முறை ஓட்டினாலே ரோல்கள் ஆயிரக்கணக்கில் விழும். கொஞ்சமாகக் கொடு என்று அதனிடம் கேட்க முடியாது. ஓட்டினால் மலையாக வரும், தேதிக்குள் விற்றாக வேண்டும், இல்லையென்றால் ஓட்டவே கூடாது. பெரிய வகைகள் பிழைக்கும்போது நாம் நேசித்த சிறிய வகைகள் ஒவ்வொன்றாகக் கழிவதன் காரணம் இதுதான். கோடாக்கின் கருப்பு வெள்ளை பிலிமான பிளஸ்-எக்ஸ் 2011-இல் போனது, அதன் கலர் ஸ்லைடு பிலிமான எக்டாக்ரோம் 2012-இல், ஃபியூஜியின் உரித்தெடுக்கும் உடனடிப் பட பிலிம் எஃப்பி-100சி 2016-இல்.

உங்கள் 400எச் கதையில் இன்னொரு காரணமும் சேர்ந்துகொண்டது. வழக்கமான மூன்று படலங்களோடு அதில் நான்காவதாக ஒன்று இருந்தது. மண்டபத்து ட்யூப்லைட் வெளிச்சத்தில் மணப்பெண் முகம் பச்சை அடிக்காமல் காப்பாற்றியதில் அந்தப் படலத்துக்குப் பங்கு உண்டு. கொஞ்சம் வெளிச்சத்தைக் கூட்டிக் கொடுத்தால் இலையும் வானமும் வெளிறி, தோல் மட்டும் கெடாமல் நிற்குமே, உங்களுக்கு அது தெரியாமல் இருக்காது. அந்தப் படலத்துக்கு வேண்டிய மூலப்பொருள் கிடைக்கவில்லை என்று சொல்லித்தான் 2021 ஜனவரியில் ஃபியூஜி அதை நிறுத்தியது. அதே வருடம் ஃபியூஜியின் ஸ்லைடு பிலிமான வெல்வியா 100 அமெரிக்காவில் நின்றது, அங்கே அரசு தடை செய்த ஒரு வேதிப்பொருள் அதில் இருந்ததால். ஒரு பிலிமில் எத்தனையோ வேதிப்பொருட்கள் சேர்கின்றன, ஒவ்வொன்றையும் எங்கோ ஒருவர் செய்து கொடுத்தாக வேண்டும். அவர்களில் ஒருவர் கடையை மூடினாலும் போச்சு.

அதனால்தான் கையெழுத்து இயக்கத்தில் எனக்கு நம்பிக்கை இல்லை. திரும்பி வந்த பிலிம்கள் இருக்கின்றன, மறுக்கவில்லை. எக்டாக்ரோமைக் கொண்டுவருகிறோம் என்று கோடாக் 2017 ஜனவரியில் சொல்லி 2018-இல் கொண்டுவந்தது. அதன் கருப்பு வெள்ளை பிலிமான டி-மேக்ஸ் பி3200-ம் அந்த வருடம்தான் வந்தது. ஃபியூஜி 2018-இல் கைவிட்ட கருப்பு வெள்ளை பிலிம் அக்ராஸ், 2019-இல் அக்ராஸ் 2 என்று புதுப் பக்குவத்தில் வந்தது. இவை எல்லாவற்றிலும் பூச்சு இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது, கழுவும் முறையும் உயிரோடு இருந்தது, வாங்கவும் ஆள் இருந்தார்கள். கோடாக்ரோமுக்கு முதல் இரண்டிலேயே வழி இல்லை. 400எச் திரும்பாது என்றே நினைக்கிறேன், உங்களிடம் ஆசை காட்ட மனமில்லை.

ஃபிரிட்ஜில் வாங்கி அடுக்குவது பற்றிக் கேட்டீர்கள். வேண்டாம். கடைசியாக வந்த 400எச் ரோல்களுக்கே தேதி முடிந்து வருடங்கள் ஆகின்றன. அவை எந்தக் கடையின் எந்த அலமாரியில் எத்தனை கோடைகளைப் பார்த்தன என்று விற்பவருக்கே தெரியாது. குளிர் வேதிமாற்றத்தைத் தாமதப்படுத்தும், ஆனால் இயற்கையில் எப்போதும் இருக்கும் கதிர்வீச்சைத் தடுக்காது. வேகம் கூடின, அதாவது குறைந்த வெளிச்சத்திலும் படம் பிடிக்கும் பிலிம் அதில் சீக்கிரம் அடிபடும், 400 அவ்வளவு பாதுகாப்பான வேகம் அல்ல. நீங்கள் விரும்புவது அந்த மெல்லிய பச்சையை. பழைய ரோலில் முதலில் கெடுவது அதுதான். எல்லாவற்றையும்விட முக்கியமாக, நீங்கள் கொடுக்கும் பணத்தில் ஒரு பைசாகூட இன்று ஓடும் இயந்திரத்துக்குப் போகாது, பதுக்கியவர் பைக்குத்தான் போகும். ஏற்கெனவே கையில் இருப்பது இருக்கட்டும். வெளியே எடுத்ததும் டப்பாவைத் திறந்துவிடாதீர்கள், அறைச் சூட்டுக்கு வரும்வரை மூடியபடியே வைத்திருங்கள். நம் ஊர்க் காற்றில் ஈரம் உடனே பிலிமில் படியும்.

ஊட்டியைப் பற்றியும் இங்கே சொல்லியாக வேண்டும், எனக்கு மனம் ஆறாத விஷயம் அது. ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், எச்.பி.எஃப். என்றால் நீலகிரிக்காரர்களுக்குத் தெரியும். 1960-இல் தொடங்கிய பொதுத்துறை நிறுவனம், பிரான்சின் பொஷே கம்பெனியின் தொழில்நுட்பத்தோடு 1967-இல் உற்பத்திக்கு வந்தது. பிலிம் பூசக் குளிரும் தூசியில்லாத காற்றும் வேண்டும் என்பதால்தான் ஊட்டி. ‘இந்து’ என்ற பெயரில் கருப்பு வெள்ளை ரோல், எக்ஸ்ரே பிலிம், சினிமாவுக்கான பிலிம் எல்லாம் அங்கிருந்து வந்தன. அந்தப் பெயரில் ஊட்டியில் இந்து நகர் என்று ஒரு பகுதியே உண்டு. 90-களின் நடுவிலேயே நலிந்த நிறுவனமாகி, 2014-இல் மத்திய அரசு மூடவும் தொழிலாளர்களுக்கு விருப்ப ஓய்வு கொடுக்கவும் முடிவெடுத்தது. எக்ஸ்ரேயும் சினிமாவும் கைவிட்ட பிறகு அவ்வளவு பெரிய ஃபேக்டரியை நம்மைப் போன்றவர்கள் வாங்கும் ரோல்களால் தாங்கியிருக்க முடியாது, எனக்குப் புரிகிறது. ஆனால் குரோஷியாவில், இத்தாலியில், ஜெர்மனியில் மூடிய இடங்களில்கூட யாராவது ஒரு சிறிய இயந்திரத்தையாவது, அதைவிட முக்கியமாகக் கைப்பக்குவம் தெரிந்த நாலு பேரையாவது காப்பாற்றப் போராடினார்கள். இங்கே அந்தப் பேச்சுக்கூட எழவில்லை. இருட்டில் பூச்சுக் கனத்தைக் கையாண்ட ஒரு தலைமுறையின் அறிவு எழுதிவைக்கப்படாமலேயே ஓய்வுபெற்றுப் போனது. இன்று இந்தியாவில் ஒரு கருப்பு வெள்ளை ரோல் வேண்டுமென்றால் இறக்குமதிதான்.

சரி, நீங்கள் என்ன வாங்கலாம்? இன்று செய்யப்படுவதை வாங்குங்கள், அதுவும் புதிதாக வருவதை. இல்ஃபோர்ட் பிலிம்கள் செய்யும் ஹார்மன் நிறுவனம் 2023 டிசம்பரில் ஃபீனிக்ஸ் 200 என்று ஒரு கலர் பிலிமைச் சொந்தமாகச் செய்து வெளியிட்டது. முரட்டுக் கலர், குருணை அதிகம், 400எச்சின் பக்கத்தில்கூட நிற்காது. ஆனாலும் கருப்பு வெள்ளை மட்டுமே செய்துவந்த ஓர் ஆலை இந்தக் காலத்தில் கலர் பூசக் கற்றுக்கொள்கிறது என்பது எனக்குப் பெரிய விஷயம், நான் அதை வாங்குகிறேன். பென்டாக்ஸ் 2024-இல் புது பிலிம் கேமராவே கொண்டுவந்தது. கோடாக் அதே வருடம் நவம்பரில் ஃபேக்டரியைச் சில வாரம் நிறுத்தி இயந்திரங்களைப் புதுப்பித்தது. மூடப்போகிறவர்கள் அப்படிச் செலவு செய்ய மாட்டார்கள். 400எச் தோல் நிறத்துக்கு அருகில் வேண்டுமென்றால் கோடாக்கின் போர்ட்ரா 400-ஐ ஒரு ஸ்டாப் கூட்டி, அதாவது இரண்டு மடங்கு வெளிச்சம் கொடுத்து எடுத்துப் பாருங்கள். பச்சை வராது, முகம் வரும்.

கருப்பு வெள்ளையும் பழகுங்கள். எந்தக் கம்பெனி போனாலும் உங்கள் கையில் நிற்பது அதுதான். டி-76 டெவலப்பரின் கணக்கு கிட்டத்தட்ட நூறு வருடமாக ஊரறிந்தது: ஒரு லிட்டருக்கு மெட்டால் 2 கிராம், சோடியம் சல்ஃபைட் 100 கிராம், ஹைட்ரோகுவினோன் 5 கிராம், போராக்ஸ் 2 கிராம். திண்டுக்கல் வெயிலில் குழாய்த் தண்ணீர் முப்பது டிகிரிக்கு மேல் வரும், புத்தகத்தில் சொன்ன 20 டிகிரிக்கு இறக்க ஐஸ் கட்டியை நேராகக் கெமிக்கலில் போடாமல் பாட்டிலைச் சுற்றி வாளியில் போடுங்கள். 24 டிகிரியில் நிறுத்தி, டெவலப்பரில் சம அளவு தண்ணீர் கலந்து, அந்தச் சூட்டுக்கான அட்டவணை நேரத்தைக் கொடுத்தாலும் போதும். ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் திட்டுத்திட்டாகக் கழுவும், அதைத் தவிர்க்கத்தான் கலப்பது.

லேபில் கொடுக்கும்போது இரண்டு விஷயம். சினிமா பிலிமின் மிச்சத்தை ரோலாகச் சுற்றி விற்பதை வாங்கியிருந்தால் முன்கூட்டியே சொல்லிக் கொடுங்கள். பழைய சுருள்களின் பின்பக்கக் கரிப்பூச்சு கலர் நெகட்டிவ் கழுவும் சாதாரண சி-41 இயந்திரத்துக்குள் போனால் கெமிக்கல் கெட்டு, அடுத்தவர் கல்யாண ரோலும் சேர்ந்து பாழாகும். அப்புறம், இப்போது பல பேர் ஸ்கேன் மட்டும் வாட்ஸப்பில் வாங்கிக்கொண்டு நெகட்டிவை அங்கேயே விட்டுவிடுகிறார்கள், இடமில்லாமல் லேப்காரர் ஒருநாள் குப்பையில் போடுகிறார். உங்களுடையதைக் கேட்டு வாங்கி, ஆறு ஆறு படமாக வெட்டி உறையில் போட்டு, எந்தப் பிலிம், எந்த வருடம் என்று மேலே எழுதி வையுங்கள்.