கை கால் சில்லிட்டால் 'யாங்' குறைவா?

கேள்வி: எனக்கு 44 வயது. சிங்கப்பூரில் அலுவலக வேலை. ஒன்றரை வருடமாகக் கை கால் எந்நேரமும் சில்லென்று இருக்கிறது. அலுவலக ஏசியில் எல்லோரும் சாதாரணமாக உட்கார்ந்திருக்க, நான் மட்டும் ஸ்வெட்டருக்குள் இருக்கிறேன். சோர்வு வேறு. ரத்த அழுத்தத்துக்கு இரண்டு வருடமாக அட்டெனொலால் 50 மில்லிகிராம் எடுக்கிறேன். மாதவிலக்கு ஏழு நாள் வரை போகிறது, முதல் மூன்று நாள் போக்கு அதிகம். உடன் வேலை பார்க்கும் சீனத் தோழி ஒரு சின்சேயிடம், அதாவது சீனப் பாரம்பரிய மருத்துவரிடம், கூட்டிப்போனார். அவர் நாக்கையும் நாடியையும் பார்த்துவிட்டு ஒரு கேள்வித்தாளை நிரப்பச் சொன்னார். "உங்களுக்கு யாங் குறைந்த உடல்வாகு, 57 மதிப்பெண்" என்றார். இளநீர், தர்ப்பூசணி, ஐஸ் வேண்டாம், இஞ்சியும் ஆட்டிறைச்சி சூப்பும் நல்லது என்று சொல்லி, இரண்டு வாரத்துக்குத் தூள் பொட்டலங்கள் கொடுத்திருக்கிறார். இது நம் வாத, பித்த, கபம் மாதிரியா? தூளைச் சாப்பிடலாமா? அட்டெனொலாலை நிறுத்திவிடலாமா?

பதில்: கடைசிக் கேள்விக்கு முதலில் பதில்: நிறுத்தாதீர்கள். அட்டெனொலாலைத் திடீரென்று விட்டால் படபடப்பு வரும், ரத்த அழுத்தம் ஏறும். சிலருக்கு நெஞ்சுவலிகூட வரலாம். தூளையும் இப்போதைக்குப் பிரிக்க வேண்டாம். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நீங்கள் நிரப்பிய தாள் பெரும்பாலும் பெய்ஜிங் சீன மருத்துவப் பல்கலைக்கழகப் பேராசிரியர் வாங் சி வகுத்த முறையைச் சேர்ந்ததாக இருக்கும். மனித உடல்வாகை அவர் ஒன்பதாகப் பிரித்தார். ஒன்று சமநிலையானது. மற்ற எட்டும் ஏதோ ஒரு பக்கம் சாய்ந்தவை: 'சி' என்ற உயிராற்றல் குறைந்தது, உடலைச் சூடாக்கும் சக்தியான யாங் குறைந்தது, குளிர்விக்கும் சக்தியான யின் குறைந்தது, சளியும் ஈரமும் தேங்கியது, ஈரமும் சூடும் சேர்ந்தது, ரத்தம் தேங்கியது, 'சி' ஓடாமல் அடைபட்டது, பிறவியிலேயே ஒவ்வாமை போன்ற தனித்தன்மை கொண்டது. 2009-இல் சீன மருத்துவச் சங்கம் இதைத் தரநிலையாக வெளியிட்டது. சீனாவில் 65 வயதைத் தாண்டியவர்களுக்கு அரசு செய்யும் அடிப்படைச் சுகாதாரச் சேவையிலும் இந்தச் சோதனை உண்டு.

அந்த 57 எப்படி வந்தது தெரியுமா? யாங் பகுதியில் ஏழு கேள்விகள். கை கால் சில்லிடுகிறதா, வயிறு, முதுகு, இடுப்பு, முழங்காலில் குளிர் தெரிகிறதா, குளிர்ந்ததைச் சாப்பிட்டால் வயிறு போகிறதா என்று போகும். ஏசியும் மின்விசிறியும் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையா என்றுகூட ஒரு கேள்வி இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண். கூட்டியதில் ஏழைக் கழித்து, 28-ஆல் வகுத்து, நூறால் பெருக்குவார்கள். உங்கள் கூட்டுத்தொகை 23 ஆக இருந்திருக்கும். 40-ஐத் தொட்டாலோ தாண்டினாலோ அந்த உடல்வாகு என்று முடிவு. அதாவது 'எனக்குக் குளிர்கிறது' என்று ஏழு விதமாக நீங்களே சொன்னீர்கள், தாள் அதற்கு 'யாங் குறைவு' என்று பெயர் வைத்தது. பொய்யில்லை. ஆனால் ஏன் குளிர்கிறது என்பதற்கு அதில் விடையும் இல்லை.

ஆனாலும் எனக்கு இந்தத் தாளின் மேல் ஒரு மரியாதை உண்டு. உட்கார வைத்து இத்தனை கேள்வி கேட்கும் பொறுமை எங்கள் புறநோயாளிப் பிரிவுகளில் அரிது. இந்தக் குளிர்ச்சியைப் பற்றி மாத்திரை எழுதிய மருத்துவரிடம் நீங்கள் பேச வாய்த்திருந்தால், கடிதம் எனக்கு வந்திருக்காது.

உங்கள் கடிதத்தில் என் கண்ணில் பட்டது வேறு. மாத்திரை தொடங்கி இரண்டு வருடம், குளிர் தொடங்கி ஒன்றரை வருடம். அட்டெனொலால், இதயத் துடிப்பைத் தணித்து ரத்த அழுத்தத்தை இறக்கும் பீட்டா பிளாக்கர் வகை. கை கால் சில்லிடுவதும் சோர்வும் அதன் நன்கு தெரிந்த பக்கவிளைவுகள். உங்களுக்கு அதுதான் காரணம் என்று இங்கிருந்து அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் முதல் சந்தேகம் அதன் மேல்தான். ரத்த அழுத்தத்துக்கு வேறு வகை மாத்திரைகள் பல இருக்கின்றன. மருத்துவரிடம் இந்தத் தேதிக் கணக்கைச் சொல்லிக் கேளுங்கள், படிப்படியாகக் குறைத்து மாற்றித் தருவார்.

அடுத்தது மாதவிலக்கு. மாதாமாதம் இவ்வளவு ரத்தம் போனால் இரும்புச்சத்து வற்றும். ஹீமோகுளோபினோடு, உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினும் பாருங்கள். ஹீமோகுளோபின் 12-க்கு மேல் இருந்தாலும் சேமிப்பில் இரும்பு காலியாக இருக்கலாம், அதற்கே சோர்வு வரும். போக்கு ஏன் அதிகம் என்று மகளிர் மருத்துவரிடம் ஒரு ஸ்கேனும் தேவை, இந்த வயதில் கர்ப்பப்பைக் கட்டிகள் சகஜம். கூடவே தைராய்டுக்கு டிஎஸ்எச் என்ற ரத்தப் பரிசோதனை. ஸ்கேன் தவிர மற்றதெல்லாம் பரிசோதனைக்கு ஒரே தடவை ரத்தம் கொடுத்தால் தெரிந்துவிடும். குளிரில் விரல்கள் வெளுத்து, நீலமாகி, பிறகு சிவந்தால் அதையும் சொல்லுங்கள், அது வேறு கதை.

சின்சே சொன்ன ஆட்டிறைச்சி சூப்பைத் தாராளமாகக் குடிக்கலாம், இறைச்சித் துண்டுகளையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். அவர் கணக்கில் அது உடலைச் சூடாக்கும். என் கணக்கில் இறைச்சியில் எளிதில் உடலில் சேரும் இரும்பு இருக்கிறது. காரணம் வேறாக இருந்தாலும் இறைச்சி ஒன்றுதானே! சாப்பிட்டவுடன் டீ மட்டும் வேண்டாம், இரும்பைச் சேரவிடாது. இஞ்சியும் சரி. இளநீரையும் தர்ப்பூசணியையும் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை, வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாவிட்டால் விடுங்கள்.

தூளுக்கு வருவோம். யாங் குறைவுக்குச் சீன மருத்துவம் எடுக்கும் முக்கியமான சரக்குகளில் ஒன்று 'ஃபூசி'. நம் சித்த மருத்துவத்தின் நாவி என்ற நச்சு வேர் இருக்கிறதே, அதன் உறவுக்காரச் செடியின் வேர். இங்கே நஞ்சு நீக்கச் சுத்தி செய்வது போல அங்கும் வேகவைத்துப் பதப்படுத்துவார்கள். பதம் தப்பினால் நாக்கும் உதடும் மரத்துப்போகும், இதயத் துடிப்பு தாறுமாறாகும். இன்னொன்று 'கான்சாவ்', நம் அதிமதுரம்தான். ஏராளமான சீனக் கலவைகளில் இருக்கும். தொடர்ந்து எடுத்தால் ரத்த அழுத்தத்தை ஏற்றும், பொட்டாசியத்தை இறக்கும். உங்களுக்கு இரண்டுமே வேண்டாதவை. உங்கள் பொட்டலத்தில் இவை இருக்கின்றன என்று நான் சொல்லவில்லை. சின்சேயிடம் சரக்குகளின் பெயரை எழுதி வாங்குங்கள், நீங்கள் எடுக்கும் மாத்திரையையும் அவரிடம் சொல்லுங்கள். சிங்கப்பூரில் 2000-ஆம் ஆண்டுச் சட்டப்படி சீன மருத்துவர்கள் பதிவு பெற்றிருக்க வேண்டும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டியல் தரத் தயங்கினால் அந்தத் தூள் உங்களுக்கு வேண்டாம்.

வாத, பித்த, கபம் பற்றிக் கேட்டீர்கள். இரண்டு மரபும் ஆளைப் பார்த்து மருந்து என்பதில் ஒன்றுபடுகின்றன. ஆனால் ஆயுர்வேதத்தில் பிரகிருதி, அதாவது வாத, பித்த, கப உடல்வாகு, கருவிலேயே தீர்மானமாகிவிடும், ஆயுள் முழுக்க அதுதான். வாங் சி முறையில் பிறவிப் பங்கு பாதி, வாழ்ந்த விதம் பாதி என்பதுபோல. சாப்பாடு, தூக்கம், வயது, நோய் எல்லாம் உடல்வாகை மாற்றும். ஆகவே 'நான் யாங் குறைந்தவள்' என்று இதை நிரந்தர முத்திரையாக எடுத்துக்கொள்ள அந்த மருத்துவமே சொல்லவில்லை.

மாத்திரை மாற்றி, இரும்பும் சரிசெய்து மூன்று மாதம் கழித்து அதே ஏழு கேள்விகளுக்கு மறுபடியும் பதில் எழுதிப் பாருங்கள். 57 எவ்வளவு ஆனது என்று தெரிந்துகொள்ள எனக்கும் ஆசை. அதற்குள் மயக்கமோ மூச்சுவாங்கலோ வந்தால் எனக்குக் கடிதம் எழுதிக்கொண்டிருக்க வேண்டாம், நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.