கடைசி முப்பது மீட்டர்

வணக்கம்.

2022இல் கொலம்பியாவின் காலி நகரில் நடந்த 20 வயதுக்குட்பட்டோர் உலகத் தடகளப் போட்டியின் 100 மீட்டர் இறுதியை யூடியூபில் பார்த்தேன். போட்ஸ்வானாவின் லெட்ஸிலே டெபோகோ, கடைசியில் ஜமைக்காக்காரரைத் திரும்பிப் பார்த்துச் சைகை காட்டிக்கொண்டே 9.91இல் முடிக்கிறார். ஒழுங்காக ஓடியிருந்தால் 9.80 வந்திருக்குமா? அதே போட்டியின் 200 மீட்டரில் டெபோகோவுக்கும் இஸ்ரேலின் பிளெஸ்ஸிங் அஃப்ரிஃபாவுக்கும் ஒரே நேரம், 19.96. ஆனால் தங்கம் அஃப்ரிஃபாவுக்கு. எப்படி? 2024 லிமாவில் 10.19க்கே தங்கம் கிடைத்திருக்கிறது. தரம் இறங்கிவிட்டதா?

நான் உடற்கல்வி ஆசிரியர். என் மாணவன் ஒருவன் ஸ்டாப்வாட்ச்சில் 11.0 ஓடுகிறான். 60 மீட்டர் வரை முன்னால் இருப்பான், பிறகு இரண்டு பேர் தாண்டிப் போய்விடுவார்கள். ஸ்டாமினா போதவில்லை, தினமும் ஐந்து ரவுண்டு ஓடவிடுங்கள் என்கிறார்கள். சரியா?

மு.

அன்புள்ள மு. சார்,

கடைசிக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடுகிறேன்: ரவுண்டு ஓடவிடாதீர்கள். காரணம் பிறகு வருகிறது.

டெபோகோ கணக்கு. கடைசி 20 மீட்டரை அவர் நொடிக்குச் சுமார் 11.2 மீட்டர் வேகத்தில் கடந்தார் என்று வையுங்கள், 1.79 நொடி ஆகிறது. கழுத்தைத் திருப்பி, தோள் விலகி, கை வீச்சு கெட்டதில் சராசரியாக 2 சதவீதம் வேகம் போனாலும் இழப்பு 0.04 நொடிக்குள்தான். 9.87 வந்திருக்கலாம். 9.80 இல்லை. ஓடி வந்த வேகம் உடம்பில் இருக்கிறது, சைகை காட்டியதும் அது நின்றுவிடாது. 2008 பெய்ஜிங்கில் உசைன் போல்ட் கையை விரித்துக்கொண்டு 9.69 ஓடியபோதும் ஊரெல்லாம் இதே கணக்குத்தான் போட்டது.

அந்த 9.91ஐ அப்படியே எடுத்துக்கொள்ளவும் கூடாது. அன்று பின்காற்று நொடிக்கு 0.8 மீட்டர். காலி நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1000 மீட்டர் உயரம். 10 நொடி ஓட்டக்காரருக்கு 1 மீட்டர் பின்காற்று ஏறக்குறைய 0.05 நொடியைக் குறைத்துக் கொடுக்கும், 1000 மீட்டர் உயரம் 0.03 அளவுக்கு. இரண்டையும் கழித்தால் கடல் மட்டத்தில், காற்றில்லாத நாளில் அது 9.98 போல ஆகும். 19 வயதில் அதுவும் மலைக்க வைக்கும் ஓட்டம்தான்.

இதே அளவுகோலை மற்ற ஆண்டுகளுக்கும் வையுங்கள். 2018 தம்பேரேயில் இந்தோனேசியாவின் லாலு முகமது ஜோஹ்ரி எட்டாவது லேனிலிருந்து வந்து 10.18இல் வென்றார், பின்காற்று 1.2. இரண்டாவதும் மூன்றாவதும் வந்த அமெரிக்கர்கள் இருவருக்கும் 10.22. 2016இல் நோவா லைல்ஸ் 10.17. 2021 நைரோபியில் இதே டெபோகோ 10.19. லிமாவில் தென்னாப்பிரிக்காவின் பயாண்டா வலாசா 10.19, தாய்லாந்தின் புரிபோல் பூன்சன் 10.22. ஆகவே தரம் எங்கும் இறங்கவில்லை. காலிதான் விதிவிலக்கு. லிமாவுக்கு வருவதற்குச் சில வாரம் முன்புதான் வலாசாவும், அங்கே மூன்றாவது வந்த பிராட்லி என்கோவானாவும் பாரிஸ் ஒலிம்பிக்கில் 4x100 தொடர் ஓட்ட வெள்ளி வாங்கியிருந்தார்கள். அப்படிப்பட்டவர்களுக்கே 10.19ம் 10.26ம்தான் வந்தது.

ஜூனியர் போட்டியில் பெயருக்குப் பக்கத்தில் போட்டிருக்கும் சிறந்த நேரத்தை நம்பிப் பயனில்லை. 2014 யூஜீனைப் பாருங்கள். டிரேவோன் புரோமெல் முந்தைய மாதம்தான் அதே ஊரின் ஹேவர்ட் ஃபீல்டு மைதானத்தில் 9.97 ஓடி, 10 நொடிக்குள் வந்த முதல் ஜூனியர் ஆகியிருந்தார். ஜப்பானின் யோஷிஹிடே கிரியு கையில் 10.01 இருந்தது. இறுதியில் 0.6 எதிர்க்காற்று. கெண்டல் வில்லியம்ஸ் 10.21, புரோமெல் 10.28, கிரியு 10.34. புரோமெலின் 9.97க்கு 1.8 பின்காற்று உதவியிருந்தது. காற்றைக் கழித்துப் பார்த்தால் 0.31 வித்தியாசம் 0.2க்குப் பக்கத்தில் வந்துவிடும். மிச்சம்? தகுதிச் சுற்று, அரையிறுதி, இறுதி என்று மூன்று ஓட்டம். மூன்றாவதில் யாருடைய ஓட்ட அமைப்பு குலையாமல் இருக்கிறதோ அவரிடம் பதக்கம் போகிறது.

19.96 விஷயம் எளிது. கோட்டின் மேல் வைத்த கேமரா அந்த ஒரு கோட்டை மட்டும் நொடிக்கு ஆயிரம் தடவைக்குக் குறையாமல் படம் எடுக்கிறது. தலை, கழுத்து, கை, கால் எதுவும் கணக்கில் இல்லை, உடற்பகுதி கோட்டைத் தொட்ட கணம்தான் நேரம். அறிவிக்கும்போது நூற்றில் ஒன்றுக்கு மேல்நோக்கித் திருத்துவார்கள். 19.951ம் 19.96, 19.960ம் 19.96. பலகையில் சமமாகத் தெரிந்தால் ஆயிரத்தில் ஒரு பங்கைப் பார்த்து இடம் கொடுப்பார்கள். அந்த வேகத்தில் 0.001 நொடி என்பது ஒரு சென்டிமீட்டர்.

இனி உங்கள் மாணவன். முதலில் ஸ்டாப்வாட்ச் 11.0ஐ மறந்துவிடுங்கள். கையால் எடுத்த நேரத்தோடு 0.24 கூட்ட வேண்டும். மின்னணுக் கடிகாரத்தில் அவன் 11.2 ஓட்டக்காரன்.

60 மீட்டருக்குப் பிறகு அவனைத் தாண்டுகிறவர்கள் அங்கே வேகம் கூட்டுவதில்லை. உலகத்தரத்திலும் உச்ச வேகம் 50 முதல் 70 மீட்டருக்குள் வந்துவிடும், பிறகு எல்லோருக்கும் இறங்குமுகம்தான். குறைவாக இறங்குகிறவன் முந்துவதுபோலத் தெரிகிறான். உங்கள் பையனின் உச்சம் 35, 40 மீட்டரிலேயே முடிந்துவிடுகிறது என்று நினைக்கிறேன். பிளாக்கிலிருந்து (ஓட்டம் தொடங்கக் கால் ஊன்றும் கட்டை) வந்த மூன்றாம் நான்காம் அடியிலேயே நிமிர்ந்து, குட்டி அடிகளாகப் படபடவென்று வைக்கிற பையன்களுக்கு இப்படித்தான் ஆகும். பார்க்க வேகமாக இருக்கும். ஆனால் தரையைத் தள்ளவே இல்லை.

பிளாக்கைச் சரிபாருங்கள். முன் பெடல், அதாவது முன்கால் வைக்கும் பலகை, தொடக்கக் கோட்டிலிருந்து அவனுடைய பாத நீளத்தில் இரண்டு, பின் பெடல் மூன்று. ‘செட்’ என்றதும் இடுப்பைத் தூக்கி நிற்கும் நிலையில் முன் முழங்கால் 90 டிகிரி, பின் முழங்கால் 120 முதல் 130, இடுப்பு தோளைவிடச் சற்று மேலே. முதல் அடி இடுப்புக்குப் பின்னால் விழ வேண்டும். 25 மீட்டர் வரைக்கும் தலை மெதுவாகத்தான் மேலே வர வேண்டும்.

அடுத்து போன். 70 மீட்டர் குறிக்கு நேராக, லேனிலிருந்து பத்து மீட்டர் தள்ளி, இடுப்பு உயரத்தில் வைத்து நொடிக்கு 240 பிரேமில் ஸ்லோமோஷன் எடுங்கள். கால் தரையைத் தொட்டதிலிருந்து விடும்வரை பிரேம்களை எண்ணுங்கள். 24 என்றால் 0.1 நொடி, நல்லது. 30ஐத் தொட்டால் பாதம் இடுப்புக்கு வெகுமுன்னால் விழுகிறது, ஒவ்வொரு அடியும் பிரேக் பிடிக்கிறது. கூடவே முகத்தைப் பாருங்கள். பக்கத்தில் ஆள் வந்ததும் தாடை இறுகி, தோள் காதை நோக்கி ஏறினால் கை வீச்சு குறுகிவிடும். அதோடு காலும் குறுகும்.

மருந்து ஃப்ளையிங் 30தான். 30 மீட்டர் சீராக வேகம் ஏற்றி வந்து, அடுத்த 30ஐ முழு வேகத்தில் ஓடி நேரம் எடுங்கள். நான்கு தடவை, நடுவே ஐந்து நிமிடம் முழு ஓய்வு. அவனுக்கு இப்போது 3.0 நொடி போல வரும். உலக ஜூனியர் இறுதிக்காரர்களுக்கு 2.6, 2.7. முதல் ஓட்டத்தைவிட 0.1 கூடினால் அன்றைக்கு அதோடு நிறுத்துங்கள். களைத்த காலில் ஓடினால் மெதுவாக ஓடத்தான் பழகுவான். தினமும் ஐந்து ரவுண்டு வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். வாரத்துக்கு ஒரு நாள் 120 மீட்டர் இரண்டும் 150 ஒன்றும், இடையில் எட்டுப் பத்து நிமிட ஓய்வோடு. கடைசி 30 மீட்டருக்கு அது போதும்.

மாவட்டப் போட்டி சிந்தெடிக் தளத்தில் என்றால் ஸ்பைக்கை, அதாவது காலணி ஆணியை, மாற்றிவிடுங்கள். அந்தத் தளத்தில் ஆணி நீளம் 9 மில்லிமீட்டர்தான் உச்சம். மண் தளத்து நீள ஆணியோடு போனால் ஓட்டத்துக்கு முன் வீரர்களைச் சரிபார்க்கும் அறையிலேயே (call room) கழற்றச் சொல்லிவிடுவார்கள்.