பழைய பிக்சர் ட்யூப் டிவியில் எச்டிஎம்ஐ ஸ்டிக்கை ஓட்ட முடியுமா? கேபிள் வாங்கிப் போட்டும் படம் வரவில்லையே, ஏன்?

கேள்வியில் நீங்கள் சொன்னது: 21 அங்குல பிக்சர் ட்யூப் டிவி, பின்பக்கம் மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஏவி ஓட்டைகள். ஒரு முனையில் எச்டிஎம்ஐ, மறுமுனையில் மூன்று பின் உள்ள கேபிளால் ஸ்ட்ரீமிங் ஸ்டிக்கை இணைத்தீர்கள். திரை கருப்பாகவே இருக்கிறது.

டிவியும் ஸ்டிக்கும் நன்றாகத்தான் இருக்கின்றன. அந்தக் கேபிளால் இந்த வேலை நடக்காது, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். உள்ளே வெறும் கம்பிதான் இருக்கும். ஸ்டிக் நொடிக்கு 60 முழுப் படங்களை, ஒவ்வொன்றும் 1920×1080 புள்ளிகளாக, டிஜிட்டலில் அனுப்புகிறது. உங்கள் டிவியோ நொடிக்கு 15,625 கோடுகள் வரையும். படமாகத் தெரிவது 576 கோடுகள். அவற்றையும் ஒற்றைப்படை 288, இரட்டைப்படை 288 என்று பாதி பாதியாக நொடிக்கு 50 முறை வரைகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே யாராவது படத்தை வாங்கி, மெமரியில் வைத்து, சுருக்கி, வேகத்தை மாற்றி, 4.43 மெகாஹெர்ட்சில் கலர் ஏற்றி, 1 வோல்ட் சிக்னலாக வெளியே தள்ள வேண்டும். அதற்குச் சிப் வேண்டும், மின்சாரமும் வேண்டும்.

கடையில் "எச்டிஎம்ஐ டு ஏவி கன்வர்ட்டர்" என்று கேளுங்கள். உள்ளங்கை அளவு பெட்டி. "ஏவி டு எச்டிஎம்ஐ" என்று இதற்கு நேர் எதிர் வேலை செய்யும் பெட்டியும் அச்சு அசலாக இதே உருவத்தில் வரும். தவறிப்போய் அதை வாங்கி வருகிறவர்கள் நிறைய. பெட்டியில் எச்டிஎம்ஐ ஓட்டைக்குப் பக்கத்தில் "இன்புட்" என்றும், மஞ்சள் ஓட்டைப் பக்கம் "அவுட்புட்" என்றும் அச்சிட்டிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். எச்டிசிபி (படத்தைத் திருட்டுப் பிரதி எடுக்க விடாத டிஜிட்டல் பூட்டு) ஆதரவு உண்டா என்றும் கேளுங்கள். அது இல்லாத பெட்டியில் ஸ்டிக்கின் மெனு வரும், படத்தை ஓட்டினால் திரை கருப்பாகிவிடும்.

கன்வர்ட்டருக்குத் தனியாக 5 வோல்ட், 1 ஆம்பியர் அடாப்டர் போடுங்கள். எச்டிஎம்ஐ பின்னிலேயே 5 வோல்ட் வருகிறதே என்று சிலர் விட்டுவிடுவார்கள். அந்தப் பின்னில் உறுதியாகக் கிடைப்பது 55 மில்லிஆம்பியர்தான், கன்வர்ட்டருக்கு அது போதாது. படம் வந்து வந்து போவதற்கு முதல் காரணம் இதுதான். தரமில்லாத சார்ஜர் போட்டால் படத்தின் மேல் சாய்ந்த கோடுகள் ஊர்ந்துகொண்டே இருக்கும். சார்ஜரை மாற்றினால் போய்விடும். ஸ்டிக்குக்கும் அதனுடைய சொந்த அடாப்டரே இருக்கட்டும்.

பெட்டியின் பக்கவாட்டில் 'பால்' – 'என்டிஎஸ்சி' என்று ஒரு குட்டி சுவிட்ச் இருக்கும். இரண்டும் டிவி கலர் சிக்னலின் முறைகள். இந்தியாவிலும் இலங்கையிலும் விற்ற டிவிகளுக்கு 'பால்'. மாற்றிய பிறகு பவரை ஒருமுறை பிடுங்கிப் போடுங்கள். டிவியில் ஏவி பட்டனை அழுத்துங்கள். அந்தப் பட்டன் இல்லாத பல மாடல்களில் 0-ஆம் சேனல்தான் ஏவி.

படம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது. நன்றாகத் தெரிய வைப்பது மீதிப் பாதி, அது பெரும்பாலும் ஸ்டிக்கின் செட்டிங்கில் இருக்கிறது. விலை கூடிய கன்வர்ட்டர் தேடி அலைவதைவிட இங்கே பத்து நிமிடம் செலவழிப்பதுதான் பலன் தரும். ரெசல்யூஷனை 'ஆட்டோ'வில் விடாமல் 720பி அல்லது 1080பி, 50 ஹெர்ட்ஸ் என்று வையுங்கள். 60-ஐ உள்ளே விட்டால் கன்வர்ட்டர் நொடிக்குப் பத்துப் படங்களைத் தூக்கிப் போட்டுத்தான் 50 ஆக்கும். கேமரா மெதுவாக நகரும் காட்சிகளிலும், செய்தி சேனலின் அடியில் ஓடும் எழுத்திலும் அந்தத் தடுமாற்றம் அப்பட்டமாகத் தெரியும். ஆடியோவை 'பிசிஎம்' (சுருக்காத சாதாரண டிஜிட்டல் ஒலி) அல்லது 'ஸ்டீரியோ' ஆக்குங்கள். டால்பி சிக்னலை இந்தப் பெட்டிகள் பிரித்துப் படிக்காது. படம் வந்து சத்தம் வராமலிருந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது. பிக்சர் ட்யூப் டிவி படத்தின் ஓரங்களைக் கொஞ்சம் திரைக்கு வெளியே தள்ளித்தான் வரையும், அதனால் சப்டைட்டில் வெட்டுப்படும். ஸ்டிக்கில் 'டிஸ்ப்ளே கேலிபரேஷன்' இருந்தால் நான்கு மூலையும் தெரியும்வரை சுருக்குங்கள்.

முகங்கள் நீளமாகத் தெரிகிறதா? 16:9 படத்தை 4:3 திரையில் அமுக்கியதால் வருவது அது. பிற்காலத்து ஃபிளாட் ட்யூப் டிவிகள் சிலவற்றின் மெனுவில் '16:9' என்று ஒரு வசதி உண்டு. அதைப் போட்டால் டிவி 576 கோடுகளையும் குறைந்த உயரத்துக்குள் நெருக்கி வரையும். இதைவிடச் சிறந்த வழி கிடையாது. அது இல்லாத டிவியில் மேலும் கீழும் கருப்புப் பட்டை விட்டுப் பார்க்கலாம். அப்போது படத்துக்கு மிஞ்சுவது 432 கோடுகள்.

படம் கருப்பு வெள்ளையாக வந்தால் இரண்டு காரணம்தான். சுவிட்ச் என்டிஎஸ்சியில் இருக்கும். அல்லது மஞ்சள் பின்னை, காம்போனென்ட் வரிசையில் (படத்தைப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஓட்டைகளில் பிரித்து வாங்குவது) உள்ள பச்சை ஓட்டையில் செருகியிருப்பீர்கள். அந்த ஓட்டை வெளிச்சத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும், கலரைக் கண்டுகொள்ளாது.

லேப்டாப்பை இணைத்து எழுத்து படிக்க நினைக்காதீர்கள். ஒரு கோடு வரைய டிவிக்குக் கிடைக்கும் நேரம் 52 மைக்ரோசெகண்ட். 5 மெகாஹெர்ட்ஸ் சிக்னல் அதற்குள் சுமார் 520 புள்ளிகளைத்தான் பிரித்துக் காட்டும். 1920 புள்ளியில் எழுதியது அதற்குள் அடங்காது. எந்தக் கன்வர்ட்டரும் இதை மாற்றாது. சினிமா, பாட்டு, கிரிக்கெட் எல்லாம் இதே டிவியில் அருமையாக இருக்கும்.

ஸ்டிக்குக்குப் பதிலாக செட்டாப் பாக்ஸ் என்றால், கன்வர்ட்டர் வாங்குவதற்கு முன் அதன் பின்பக்கத்தைப் பாருங்கள். பல எச்டி பாக்ஸ்களில் 'ஏவி' என்று 3.5 மிமீ ஓட்டை இருக்கும். நான்கு வளையமுள்ள பின் கேபிள் ஒன்று போதும். ஆனால் எந்த வளையத்தில் எது என்பது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மஞ்சளில் படம் வராமல் ஸ்பீக்கரில் 'கர்ர்' என்று சத்தம் வந்தால், சிவப்பையும் வெள்ளையையும் ஒவ்வொன்றாக டிவியின் மஞ்சள் ஓட்டையில் செருகிப் பாருங்கள். ஒன்றில் படம் வந்தால் அதையே வீடியோவாக வைத்துக்கொண்டு மற்ற இரண்டையும் ஆடியோவுக்குக் கொடுங்கள். எதிலுமே வரவில்லையென்றால் கிரவுண்டு வளையம் இடம் மாறியிருக்கிறது. அந்தக் கேபிள் இந்தப் பாக்ஸுக்கு உதவாது.

ஏவி ஓட்டையே இல்லாமல் ஆன்டெனா ஓட்டை மட்டும் உள்ள டிவி வைத்திருப்பவர்கள், கன்வர்ட்டருக்கு அடுத்து ஒரு ஆர்எஃப் மாடுலேட்டர் (ஏவி சிக்னலை ஆன்டெனா வழியே வரும் டிவி சேனல்போல் மாற்றும் பெட்டி) சேர்க்க வேண்டும். வீட்டில் பழைய விசிஆர் (வீடியோ கேசட் ரெக்கார்டர்) ஓடும் நிலையில் இருந்தால் அதற்குள்ளேயே மாடுலேட்டர் இருக்கும்: அதன் ஏவி இன்னில் கொடுத்து, ஆர்எஃப் அவுட்டிலிருந்து எடுத்து, டிவியில் சேனல் தேடுங்கள். புதிதாக வாங்கினால் ஒலி 5.5 மெகாஹெர்ட்சில் வருவதா என்று கேளுங்கள். அமெரிக்க வகை மாடுலேட்டரில் அது 4.5, நம் டிவியில் வெறும் இரைச்சல்தான் கேட்கும். ஆன்டெனாவுக்குப் பட்டை வயர் மாட்டும் இரண்டு ஸ்க்ரூ மட்டும் இருந்தால் 75-க்கு 300 ஓம் பேலன் (உருண்டைக் கேபிளைப் பட்டை வயர் ஸ்க்ரூவோடு பொருத்தும் குட்டி இணைப்பான்) ஒன்றும் வேண்டும்.

இந்த வகை டிவியைத் திறந்து உள்ளே ஏவி ஜாக் சால்டர் செய்ய வேண்டாம். பல பழைய செட்களில் சேசிஸே (உள்ளே இருக்கும் உலோகச் சட்டம்) மெயின் கரண்டோடு நேரடியாகத் தொடர்பில் இருக்கும். அதிலிருந்து எடுத்த ஜாக்கின் உலோகத்தைத் தொட்டாலே ஷாக் அடிக்கும். ட்யூபின் ஆனோடில் இருபதாயிரம் வோல்ட்டுக்கு மேல் ஓடுகிறது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அது அங்கே தங்கி நிற்கும்.