கேனிஸ்டர் வாங்கும் முன் ஸ்பாஞ்சைக் கழுவும் முறையை மாற்றுங்கள்

2 அடிக்கு 1 அடிக்கு 1 அடி மீன் தொட்டி, மூன்று கோல்ட்ஃபிஷ், உள்ளே பவர் ஃபில்டர் (மோட்டாரில் ஓடுவது), வாராவாரம் ஸ்பாஞ்சைக் குழாய்த் தண்ணீரில் கழுவியும் தண்ணீர் கலங்கல், கேனிஸ்டர் (தொட்டிக்கு வெளியே வைக்கும் ஃபில்டர்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

சிக்கல் அந்தக் கழுவலில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். மீன் கழிவிலிருந்து வரும் விஷமான அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றுகிற பாக்டீரியா பெரும்பாலும் அந்த ஸ்பாஞ்சில்தான் இருக்கிறது, குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் பளிச்சென்று கழுவினால் அதுவும் சேர்ந்து செத்துப்போகலாம். தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே லேசாகப் பிழியுங்கள், அதுவும் ஓட்டம் குறைந்தால் மட்டும்.

வாங்குவதாக இருந்தால், ஏர் பம்பில் ஓடும் ஸ்பாஞ்ச் ஃபில்டர் ஒன்றைக் கூடவே போடுங்கள். விலை குறைவு, கரண்ட் போனால் பேட்டரி ஏர் பம்பை மாட்டி ஓட்டலாம், கேனிஸ்டரில் அது முடியாது. உங்கள் தொட்டி சுமார் 56 லிட்டர், கோல்ட்ஃபிஷ் கழிவு அதிகம் என்பதால் பவர் ஃபில்டர் மணிக்கு 300 லிட்டருக்குக் குறையக் கூடாது (பெட்டியில் போட்டிருக்கும் அளவு நிஜத்தில் வராது, கொஞ்சம் கூடுதலாகவே பாருங்கள்). எந்தப் புதிய ஃபில்டரைப் போட்டாலும் பழையதை உடனே கழற்றிவிடாதீர்கள், ஒரு மாதமாவது இரண்டும் சேர்ந்து ஓடட்டும்.

இன்னொன்று, மூன்று கோல்ட்ஃபிஷ் வளர்ந்தால் இந்தத் தொட்டி எந்த ஃபில்டர் போட்டாலும் தாங்காது. 4 அடிக்கு மாறுகிறீர்களா? அப்போது கேனிஸ்டர் பேசலாம். அதுவரை அம்மோனியா டெஸ்ட் கிட் ஒன்று வாங்கிப் பாருங்கள், சுழியத்துக்கு மேல் காட்டினால் அன்றே கால் பங்கு தண்ணீரை எடுத்துவிட்டு, குளோரின் நீக்கிய புதுத் தண்ணீரை ஊற்றிவிடுங்கள்.