கறுப்பு வெள்ளையில் உருளும் அமெரிக்க டிவிடி

தக்கலையிலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் கேட்கிறார்: "அமெரிக்காவில் இருக்கும் மகன், பேத்தியின் ஞானஸ்நான வீடியோவை டிவிடியில் எழுதிக் கொடுத்தனுப்பினான். எங்கள் பழைய பிக்சர் டியூப் டிவியில் போட்டால் சத்தம் நன்றாக வருகிறது. படம் மட்டும் கறுப்பு வெள்ளையாக உருண்டுகொண்டே இருக்கிறது. ரீஜன் கோடு பிரச்சினை, வேறு பிளேயர் வாங்குங்கள் என்கிறார்கள் கடையில். வாங்கணுமா?"

வாங்க வேண்டாம் டீச்சர். ரீஜன் கோடு என்பது சினிமா கம்பெனிகள் போடும் பூட்டு. அமெரிக்காவுக்கு 1, வளைகுடாவுக்கு 2, நமக்கு 5. பூட்டு ஒத்துவராவிட்டால் படமே வராது, திரையில் ஒரு எச்சரிக்கைதான் வரும். வீட்டில் எழுதிய தட்டில் பொதுவாக அந்தப் பூட்டே இருக்காது.

உங்கள் வீட்டு டிவி 'பால்' (PAL) என்ற ஒளிபரப்பு முறைக்காரர். 625 வரி, நொடிக்கு 25 படம். அமெரிக்கத் தட்டு என்டிஎஸ்சி முறை: 525 வரி, ஏறத்தாழ 30 படம். ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாக, நொடிக்கு 50 தடவை மேலிருந்து கீழே வரைந்து பழகிய டிவியை இது 60 தடவை வரையச் சொல்கிறது. பிடி கிடைக்காமல் படம் உருள்கிறது. நிறமும் அப்படித்தான். டிவி 4.43 மெகாஹெர்ட்ஸில் நிறத்தைத் தேடுகிறது, அமெரிக்கத் தட்டின் நிறமோ 3.58இல் வருகிறது. கிடைக்காத நிறத்தை டிவி காட்டுவதில்லை, அவ்வளவுதான்.

முதலில் தட்டை வெளியே எடுங்கள். உள்ளே இருந்தால் சில பிளேயர்களில் நாம் மாற்றப்போகும் மெனு மங்கிக் கிடக்கும், மாற்ற விடாது. ரிமோட்டில் 'செட்அப்' அழுத்தி, 'டிவி டைப்' அல்லது 'டிவி சிஸ்டம்' என்ற இடத்தில் 'மல்டி', 'ஆட்டோ' என்றிருந்தால் 'பால்' என்று மாற்றுங்கள். இனி பிளேயரே படத்தை மாற்றி அனுப்பும். டிவி மெனுவில் 'கலர் சிஸ்டம்' இருந்தால் அதை 'ஆட்டோ'வில் விடுங்கள்.

நிறம் வந்தும் உருளல் நிற்கவில்லையா? சில மலிவு பிளேயர்கள் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு 60ஐ அப்படியே விட்டுவிடும். அப்புறம் மெனுவோடு மல்லுக்கட்ட வேண்டாம். டிவிடி டிரைவ் உள்ள கம்ப்யூட்டரில் போடுங்கள், அதற்கு இரண்டு முறையும் ஒன்றுதான். இப்போதைய எல்இடி டிவிகளும் பெரும்பாலும் இரண்டையும் ஏற்கும்.

"அங்கிருந்தே ஒரு பிளேயர் கொண்டுவருகிறேன்" என்று மகன் சொன்னால் மட்டும் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். பல அமெரிக்க பிளேயர்கள் என்டிஎஸ்சி மட்டும்தான் அனுப்பும், பழைய கதையே திரும்பும். அங்கே மின்சாரமும் 120 வோல்ட். அப்படி வந்த ஒன்றை மார்த்தாண்டத்தில் உறவினர் வீட்டில் நானே நமது 230 வோல்ட்டில் சொருகினேன். டப்பென்று ஒரு சத்தம், கருகிய வாடை. பின்பக்க லேபிளில் '100–240 வோல்ட்' என்றிருக்கிறதா என்று நான் பார்த்தது அதற்கப்புறம்தான்.